முற்பணத்தோடு பாதுகாப்பையும் கேட்போம்



தீபாவளி நெருங்குகிறது. எல்லாத் தோட்டங்களிலும் இப்போது ஒரே பேச்சுதான். முற்பணம் எவ்வளவு, எப்போது கைக்கு வரும், எத்தனை மாதத்தில் பிடிப்பார்கள்? நியாயமான பேச்சு. பண்டிகை முற்பணம் யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பது அல்ல. கேட்டுப் பெறுகிறோம், பிறகு நமது உழைப்பிலிருந்தே திருப்பிக் கட்டுகிறோம். இந்த ஆண்டும் அதற்காகச் சங்கம் பேசும்.

ஆனால் இந்த முறை அதே மேசையில் இன்னொரு கோரிக்கையையும் வைக்க வேண்டும் என்பது நமது கருத்து. பண்டிகை நாட்கள் நமது உயிரைக் காத்துக்கொள்ளத் தயாராகும் நாட்களாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய பண்டிகையிலும் ஒரு மணி நேரத்தை நாம் ஒதுக்குவோம். அந்த ஒரு மணி நேரம் வீண் போகாமல் இருப்பதற்கு நிர்வாகமும் அரசும் செய்ய வேண்டியதைச் செய்யட்டும்.

"பண்டிகைக்கும் அனர்த்தத்துக்கும் என்ன சம்பந்தம்? வருஷத்தில் கிடைக்கிற ஒரு நல்ல நாளில் எதற்கு இந்தப் பேச்சு?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அதற்குப் பதில் சொல்லக் கூடியவர்கள் கல்முனைக் கரையோர மக்கள். பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளில் பிறக்கும் கல் ஓயா, கல்முனைக்குத் தெற்கே போய்க் கடலில் சேர்கிறது. நமது மலைப் பக்கத்துத் தண்ணீர் அவர்களுடைய கரைக்கு இறங்குகிறது. அவர்களுடைய அனுபவம் ஒருமுறை நமது மலைக்கு ஏறி வரட்டும்.

அன்று விடுமுறை நாள்

2004 டிசம்பர் 26 என்ன கிழமை என்று இன்று பலருக்கு நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை. போயா தினம். நத்தாருக்கு அடுத்த நாள். பாடசாலைகளுக்கு டிசம்பர் விடுமுறை. இத்தனை விடுமுறைகளும் ஒரே நாளில் கூடின. பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள், அரச அலுவலகங்கள் பூட்டியிருந்தன.

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகத் தொடரும் கரை அது. நிலம் தட்டை. வீடுகள் கடல் மணல் வரைக்கும் நெருக்கமாக இருந்தன. ஓடி ஏறுவதற்கு ஒரு மேடு கிடையாது. சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது காலை 7 மணிக்குச் சற்று முன்பு. அலை நமது கிழக்குக் கரையைத் தொட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. அந்த நேரத்துக்குள் ஒரு பிள்ளைகூடக் கடற்கரையிலிருந்து பிரதான வீதியைத் தாண்டி வயல் பக்கத்துக்கு நடந்தே போயிருக்கலாம். ஆனால் சொல்வதற்கு ஆள் இல்லை, கேட்பதற்கு வழி இல்லை, எந்தப் பக்கம் ஓடுவது என்ற முன்யோசனையும் இல்லை.

நாடு முழுவதும் 35,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 10,000க்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தில் மட்டும். நாட்டிலேயே கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அதுதான். ஆழிப்பேரலைக்குப் பிறகு அந்த மாவட்டத்தின் 13 முகாம்களில் இருந்த குடும்பங்களை விசாரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். இறந்தவர்களில் பெண்கள், சிறு பிள்ளைகள், முதியவர்கள் ஆகியோரின் பங்கு மிக அதிகம் என்று அது சொன்னது. வெளியில் இருந்தவர்களைவிட வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது என்பதும் தெரிய வந்தது.

இதை நமது பெண்கள் ஒருமுறைக்கு இரண்டுமுறை வாசிக்க வேண்டும். பண்டிகை நாளில் வீட்டுக்குள் இருப்பது யார்? அடுப்படியில் நிற்பது யார்? கைக்குழந்தையையும் நடக்க முடியாத மாமியாரையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்வது யார்?

இரண்டு நிமிட மௌனம் போதாது

2005இலிருந்து டிசம்பர் 26ஐ அரசு தேசிய பாதுகாப்பு தினமாகக் கொண்டாடி வருகிறது. காலை 9.25 தொடக்கம் 9.27 வரை நாடெங்கும் இரண்டு நிமிட மௌனம். அந்த நாளில் கல்முனைப் பகுதிப் பள்ளிவாசல்களில் குர்ஆன் ஓதித் துஆப் பிரார்த்தனை செய்வார்கள். கோயில்களில் ஆத்மசாந்திப் பூசையும் தேவாலயங்களில் வழிபாடும் நடக்கும். இறந்தவர்களை நினைப்பது மனிதக் கடமை. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் அந்த நாளுக்கு வைத்த பெயர் துக்க தினம் அல்ல, பாதுகாப்பு தினம். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது, கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. அவற்றின் பயன் 2012 ஏப்ரல் 11 அன்று தெரிந்தது. அன்று சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரிய நிலநடுக்கம். சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டே நாள் இருந்தது. எச்சரிக்கை விடுத்தார்கள். கரையோர மக்கள் வீடுகளை விட்டு உள்பக்கம் போனார்கள். அலை வரவில்லை, மாலையில் எச்சரிக்கையை நீக்கினார்கள். சிலர் அதை வீண் அலைச்சல் என்றார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. வராத அலைக்கு ஓடியவன் வீட்டுக்குத் திரும்பி வந்து புத்தாண்டுப் பால் பொங்கினான். வந்த அலைக்கு ஓடாதவன் திரும்பி வரவே இல்லை.

மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகையைக் கடற்கரைத் திடலில் நடத்தும் வழக்கம் உண்டு. ஊரே வந்து மணலில் கூடும். கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றக் காலத்திலும் அப்படித்தான். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கும் ஆயிரக்கணக்கில் சனம் சேரும். ஊர் முழுவதும் ஓரிடத்தில் கூடும் நாளில் ஆபத்து வந்தால் இழப்பும் அவ்வளவு பெரிதாகும். ஆனால் ஊர் முழுவதுக்கும் ஒரே நேரத்தில் ஒரு செய்தியைச் சொல்ல வாய்ப்பும் அந்த நாளில்தான் இருக்கிறது. பெருநாள் தொழுகையும் குத்பாவும் முடிந்த பிறகு ஐந்து நிமிடம் போதும். எந்த ஒழுங்கையால் வெளியேறுவது, வயோதிபரை யார் தூக்குவது, கடல் வழமைக்கு மாறாகப் பின்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது என்பதைச் சொல்லிவிடலாம். வீடு திரும்பும்போது அந்த ஒழுங்கையாலேயே நடந்து போனால் அதுவே ஒத்திகை.

இது புதுமையான யோசனை அல்ல. யப்பானில் 1923 செப்டம்பர் 1 அன்று வந்த நிலநடுக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1960இலிருந்து செப்டம்பர் 1 அங்கே அனர்த்தத் தடுப்பு நாள். நினைவுகூருவதோடு நிற்காமல் பாடசாலைகளிலும் வேலைத்தளங்களிலும் வெளியேறும் ஒத்திகை செய்கிறார்கள். இன்னொரு உதாரணம் இன்னும் நமக்கு நெருக்கமானது. 2004இல் நிலநடுக்கம் வந்த இடத்துக்கு மிகக் கிட்டே இருந்தது சிமெலுவே என்ற இந்தோனேசியத் தீவு. அங்கே அப்போது ஏறத்தாழ 78,000 பேர் இருந்தார்கள். இறந்தவர்கள் ஏழு பேர். அவர்களிடம் கோபுரமும் இல்லை, சைரனும் இல்லை. 1907இல் தங்கள் பாட்டன் பாட்டி கண்ட பேரலையைப் பற்றிய கதையும் பாட்டும் இருந்தன. நிலம் பலமாக ஆடிக் கடல் வற்றினால் மலைக்கு ஓடு என்று தாலாட்டிலும் கதையிலும் சொல்லி வளர்த்திருந்தார்கள். படிப்பறிவு குறைந்தவர்கள், ஏழைகள் என்று ஒதுக்கப்படும் மக்கள் தங்கள் உயிரைத் தாங்களே காப்பாற்றிக்கொண்ட வரலாறு இது.

மாவடிப்பள்ளியில் நடந்தது

பாடசாலைப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு நிகழ்வும் அதே கரையோரத்தில்தான் நடந்தது. 2024 நவம்பர் 26. கடும் மழை, வெள்ளம். நிந்தவூரில் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகள், காலநிலை காரணமாக விடுமுறை கிடைத்துச் சம்மாந்துறைப் பக்கம் வீட்டுக்குத் திரும்பினார்கள். காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே மாவடிப்பள்ளியில் வீதியை மூடி வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம் அந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. ஆறு மாணவர்களும் பெரியவர்களும் இறந்தார்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவே விடுமுறை கொடுக்கிறோம். ஆனால் லீவு விட்டுவிட்டால் பொறுப்பு முடிந்துவிடுகிறதா? எந்த வழியால், யாரோடு, எந்த வாகனத்தில் போகிறார்கள்? வழியில் ஆறு எப்படி இருக்கிறது? போக முடியாவிட்டால் இரவு எங்கே தங்குவது? இதெல்லாம் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

நமது தோட்டப் பாடசாலைகளை எண்ணிப் பாருங்கள். மேல் டிவிஷன் பிள்ளைகள் ஓடை தாண்டி வருகிறார்கள். மழை இறுகினால் பதினொரு மணிக்கே மணி அடித்து வீட்டுக்கு அனுப்புவோம். அந்த நேரத்தில் அப்பாவும் அம்மாவும் மலையில். வீட்டில் யாரும் இல்லை. ஓடையில் பாலம் இல்லை. மாவடிப்பள்ளி கடற்கரைப் பக்கத்து ஊர் என்று நாம் நினைத்தால் தவறு. நம்மிடையே ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு மாவடிப்பள்ளி இருக்கிறது.

மலையில் பண்டிகையும் மழையும் ஒன்றாக வருகின்றன

கடலோரத்தில் ஆபத்து எப்போது வரும் என்று நாட்காட்டி சொல்லாது. நமக்கு ஓரளவு சொல்கிறது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடைப்பருவ மழையும் இடிமின்னலும் வரும். அந்தக் காலத்தில்தான் தீபாவளி. டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை பதுளைப் பக்கத்துச் சரிவுகளை நனைக்கும். அப்போது நத்தாரும் தேசிய பாதுகாப்பு தினமும், பின்னால் தைப்பொங்கலும். சித்திரைப் புத்தாண்டு மீண்டும் மின்னல் பருவம். மே மாதம் தென்மேல் பருவமழை மேற்குச் சரிவுகளுக்கு வரும்போது மே தினமும் வெசாக்கும். நமது பண்டிகைகளும் மலையின் ஆபத்துக் காலங்களும் ஏறத்தாழ ஒன்றாகவே நடக்கின்றன. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் ஒரு ஞாபகமூட்டல் நமக்குக் கிடைக்கிறது.

2014இல் தீபாவளி ஒக்டோபர் 22. ஒரு வாரம் கழித்து, ஒக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் மண் இருந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, மக்கள் சரிவில் இருந்தார்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. தீபாவளி கழிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் ஊர்களையே அழித்தன. மின்சாரம் போனது, தொலைபேசி போனது, பாதை போனது. வெளியிலிருந்து உதவி வந்து சேர நேரமாகும் என்பதை அன்று எல்லோரும் கண்டோம். முதல் சில மணி நேரத்துக்கு நமக்கு நாமேதான் துணை.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

பண்டிகைக்கு மட்டும்தான் நமது குடும்பங்கள் முழுதாகக் கூடுகின்றன. கொழும்பில் கடையில் நிற்கும் மகன் வருகிறான். ஆடைத் தொழிற்சாலைக்குப் போன மகள் வருகிறாள். பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்த பெண் பிள்ளைகளோடு வருகிறாள். அவர்களுக்குத் தோட்டத்தின் இன்றைய நிலை தெரியாது. லயனுக்குப் பின்னால் உள்ள மண்திட்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியாது. இரவில் ஆபத்து வந்தால் கூடுதலாகத் தடுமாறுவது அவர்கள்தான். ஆகவே எல்லோரும் இருக்கும்போதே பேசி முடிக்க வேண்டும்.

முதலில், லயனைச் சுற்றி ஒருமுறை நடக்க வேண்டும். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு இருக்கிறதா? கதவு, ஜன்னல் திடீரென இறுகுகிறதா? மரமோ மின்கம்பமோ சாய்ந்திருக்கிறதா? புதிதாக ஊற்று கிளம்பியிருக்கிறதா, இருந்த ஊற்று கலங்கியோ நின்றோ போயிருக்கிறதா? இவை மலை அசைவதன் அறிகுறிகள். கண்டதைக் கொப்பியில் திகதியோடு எழுதித் தோட்டத் தலைவரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்தது சாட்சியாக நிற்கும்.

இரண்டாவது, மழையை அளப்பது. இதைப் பிள்ளைகளிடம் விடலாம். வாயும் அடியும் ஒரே அளவாக, நேராக நிற்கும் உயரமான டின் ஒன்று போதும். கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் பாடசாலை அடிமட்டத்தால் அளந்து குறித்துவிட்டுக் கொட்டிவிட வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது ஏழரை சென்ரிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே 75 பெய்தால், உடனே வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகள் இவை. பிள்ளையின் பையிலுள்ள 15 சென்ரிமீற்றர் அடிமட்டம் முழுதாக நனைந்தால் அந்த வீட்டில் யாரும் படுக்கக் கூடாது. அறிகுறி கண்ணில் பட்டால் டின் நிறையும் வரை காத்திருக்கவும் கூடாது.

மூன்றாவது, ஒரு சத்தம். தொலைபேசி வேலை செய்யாத இரவில் எதைக் கேட்டால் எல்லோரும் எழும்புவோம்? கல்முனையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி இருக்கிறது, ஆனால் அதற்கும் மின்சாரம் வேண்டும். நம்மிடம் கோயில் மணி இருக்கிறது, தப்பு இருக்கிறது. ஒரு காலத்தில் நமது பாட்டன்மாரை விடியற்காலையில் பெரட்டுக்கு எழுப்ப அடித்த தப்பு இன்று உயிரைக் காப்பாற்ற ஒலிக்கட்டும். என்ன அடி அடித்தால் வெளியேற வேண்டும் என்பதைப் பண்டிகையன்று தப்புக்காரரை அடிக்கச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்த அடியை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது.

நான்காவது, போகும் வழியும் சேரும் இடமும். ஓடை வழியாகக் கீழே இறங்குவது ஆபத்து, மண்ணும் அந்த வழியாகத்தான் வரும். சரிவின் பாதையை விட்டுப் பக்கவாட்டில் விலக வேண்டும். எந்தக் காம்பராவில் தனியாக நடக்க முடியாதவர் இருக்கிறார், அவரைத் தூக்கும் இரண்டு பேர் யார் என்று பெயர் சொல்லித் தீர்மானியுங்கள். சேர்ந்த இடத்தில் தலை எண்ணுவது யார் என்பதையும் தீர்மானியுங்கள். பிறகு பிள்ளைகளோடு அந்த வழியை ஒருமுறை நடந்து பாருங்கள்.

ஐந்தாவது, காகிதங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, ஊழியர் சேமலாப நிதி ஆவணம், பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ், தாத்தா பாட்டியின் பிரஜாவுரிமைச் சான்றிதழ். எல்லாவற்றையும் தடித்த பொலித்தீன் பையில் கட்டி, கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். ஒரு பிரஜாவுரிமைக் காகிதத்துக்காக எத்தனை ஆண்டு அலைந்த சமூகம் நாம்! ஒரே மழையில் அதைப் பறிகொடுக்கக் கூடாது. அதே பையில் டோர்ச், நாளாந்த மருந்து, சிறு பணம்.

தீபாவளி என்பதால் தீயையும் மறக்க வேண்டாம். லயனில் ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரை மரத்தைப் பற்றி வரிசை முழுவதற்கும் போகும். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டும். பட்டாசு வெடிக்கும் இடத்தில் இரண்டு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் இருக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990, தீயணைப்பு 110. இந்த மூன்று எண்களையும் கதவுக்கு உட்பக்கம் கரியால் எழுதினாலும் போதும்.

பெண்களுக்கு இன்னொரு பாரமாக்காதீர்கள்

பண்டிகை நாளிலும் நமது பெண்களுக்கு ஓய்வில்லை. விடியுமுன் எழுந்து பலகாரம், சமையல், விருந்தாளி. இந்த ஒரு மணி நேரமும் அவர்கள் தலையில் விழுந்தால் நாம் சொல்லும் பாதுகாப்புக்குப் பொருளில்லை. ஆகவே நாம் சொல்வது இது: பையைக் கட்டுவதும், டின்னை வைப்பதும், வழியைத் துப்புரவாக்குவதும் ஆண்களும் இளைஞர்களும் செய்யட்டும். தீர்மானம் எடுக்கும்போது மட்டும் மாதர் தலைவியும் வீட்டுப் பெண்களும் முன்னால் இருக்கட்டும். யாரைத் தூக்க வேண்டும், எந்தப் பிள்ளை இருட்டில் பயப்படும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கசப்பான இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பண்டிகை இரவில் குடித்துவிட்டுப் படுத்தவரை எழுப்பித் தூக்கிக்கொண்டு ஓட யாராலும் முடியாது. தப்பு அடிப்பவர், வாகனம் ஓட்டுபவர், முதியவரைத் தூக்குபவர் என்று ஒவ்வொரு லயனிலும் சிலர் அந்த இரவு குடிப்பதில்லை என்று முறை வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிவாசல், கோயில் வேலைக்கு முறை வைப்பதுபோல இதற்கும் வைக்கலாம்.

நிர்வாகமும் அரசும் செய்ய வேண்டியவை

நாம் ஆயத்தமாக இருப்பதைக் காட்டி, தமது பொறுப்பிலிருந்து நழுவ யாரையும் விடக் கூடாது. "உங்களுக்குப் பயிற்சி கொடுத்தோமே, ஏன் ஓடவில்லை?" என்று நாளை கேட்பார்கள். ஆபத்தான சரிவில் லயன் கட்டியது நாம் அல்ல. மீரியபெத்தை மக்களுக்கு எச்சரிக்கை கிடைத்தது. ஆனால் போய்க் குடியிருக்க நிலம் கிடைக்கவில்லை. தயார்நிலை உயிரைக் காக்கும், நிலமும் வீடும்தான் வாழ்வைக் காக்கும். பாதுகாப்பான இடத்தில் 7 பேர்ச் காணியும் தனி வீடும் என்ற கோரிக்கை அப்படியே நிற்கிறது.

அதோடு சேர்த்து, இந்தத் தீபாவளி முற்பணப் பேச்சில் ஒவ்வொரு தோட்டத் தலைவரும் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னர் லயன்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டு பரிசோதித்து, எந்த லயன் ஆபத்தானது, எந்தக் கட்டடத்தில் தங்கலாம் என்பதைத் தமிழில் எழுதிப் பெரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும். பண்டிகை நாட்களிலும் சிவப்பு எச்சரிக்கை இரவுகளிலும் ஒரு வாகனமும் சாரதியும், டிஸ்பென்சரியில் ஒருவரும் கடமையில் இருக்க வேண்டும். அலுவலகம் பூட்டியிருந்தாலும் தங்குமிடத்தின் சாவி டிவிஷனிலேயே இருக்க வேண்டும். எச்சரிக்கை காரணமாக வெளியேறியவருக்கு அன்றைய பேர் வெட்டக் கூடாது. சம்பளம் போய்விடும் என்று பயந்து சரிவுக்குக் கீழே கொழுந்து எடுக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது. குடும்பமாகச் செய்யும் ஒரு மணி நேரம் நமது பண்டிகையில் நாம் கொடுப்பது. முறையான முதலுதவிப் பயிற்சியும் வெளியேறும் ஒத்திகையும் வேலை நேரத்தில், முழுப் பேரோடு நடக்க வேண்டும். மழை லீவு விட்டால் ஓடை தாண்டும் பிள்ளைகளை அழைத்துப் போக ஆள் நியமிக்க வேண்டும், முடியாவிட்டால் பாடசாலையிலேயே தங்க வைத்துச் சாப்பாடு கொடுக்க வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய செலவில்லை. ஒரு சாவி, ஒரு சாரதி, ஒரு தமிழ் அறிவித்தல். இவ்வளவுக்கும் நிதி இல்லை என்று எந்த நிர்வாகமும் சொல்ல முடியாது.

கல்முனை மக்கள் பெரும் விலை கொடுத்து ஒரு பாடம் படித்தார்கள். தமிழர், முஸ்லிம் என்று அலை பிரித்துப் பார்க்கவில்லை. தோட்டத்தில் மண்ணும் தொழிலாளி, உத்தியோகத்தர், எந்தச் சங்கம் என்று கேட்டு இறங்குவதில்லை. ஆகவே வேறு சங்கங்களில் இருக்கும் தோழர்களையும் இந்த ஒரு மணி நேரத்துக்கு அழையுங்கள். இதில் கொடிக்கு வேலை இல்லை.

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு டிவிஷனிலும் தலைவரும் மாதர் தலைவியும் கூட்டம் கூட்டுங்கள். மேலே சொன்ன கோரிக்கைகளை எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை நிர்வாகத்துக்கும் ஒரு பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கும் அனுப்புங்கள். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புத்தாடை உடுத்திய பிறகு, விருந்துக்கு உட்காருமுன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த வழியை ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள்.